அம்மாவின் கடன் கொப்பிக்கு ஒரு செயலி: ஃபயர்பேஸில் என் முதல் முயற்சி

திருகோணமலை, திருக்கடலூரில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் கடை. பாண், பால்மா, சீனி, சோப்பு, நுளம்புத்திரி என்று அன்றாடம் வேண்டியதெல்லாம் இருக்கும். அம்மாவின் மேசை லாச்சியில் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கும். அதில் 63 குடும்பங்களின் கடன் கணக்கு. பெரும்பாலானோர் கடலுக்குப் போகிறவர்களின் வீட்டார். போட் கரைக்கு வந்து மீன் விற்றால் காசு வரும், கணக்கு வெட்டப்படும். வாடைக் காற்று எழுந்து கடல் கொந்தளிக்கிற நவம்பர் முதல் பெப்ரவரி வரை வெட்டுவது குறையும், எழுதுவது கூடும். சித்திரைக்குள் அநேகமாக எல்லாம் நேராகிவிடும். இருபத்தைந்து வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

இந்தக் கொப்பியைத்தான் நான் செயலியாக்கினேன். செயலிகளுக்குத் தரவுத்தளமும் இணையத்தில் இடமும் தருகிற, கூகுளின் ஃபயர்பேஸ் தளத்தில் செய்தேன். என் வாழ்க்கையில் எழுதிய முதல் செயலி அது. ஐந்து கிழமை, வேலை முடிந்து வந்த இரவுகளில். இப்போது அம்மா நான்கு மாதமாகப் பாவிக்கிறார். அந்தத் தளம் எனக்கு எப்படி இருந்தது, எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை என்னைப் போன்ற ஒருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

நான் மென்பொருள் படித்தவள் இல்லை. நகரில் ஒரு பார்மசியில் வேலை. சாதாரண தரத்தில் ஐ.சி.டி. எடுத்தேன், அதில் எச்.டி.எம்.எல். கொஞ்சம் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட் போன வருடம் போனில் பாடங்கள் பார்த்துப் பழகினேன். மடிகணினி பழையது, 4 ஜிபி ராம்.

ஏன் செயலி வேண்டும் என்றால், அதற்குக் காரணம் 2004 டிசம்பர் 26. அன்று கடையோடு கொப்பியும் போனது. பிறகு முகாமில் இருந்தபோது ஆட்கள் அம்மாவைத் தேடி வந்து, “அக்கா, எங்கட கணக்கு இவ்வளவு இருந்தது” என்று தாங்களே சொல்ல, அம்மா ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொண்டாராம். அதை இன்றும் அடிக்கடி சொல்வார். சொன்ன தொகையை அவர் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு மழை பலத்தால் முதலில் பொலித்தீனில் சுற்றி எடுப்பது அந்தக் கொப்பியைத்தான். கடல் எட்டாத ஓரிடத்தில் இதற்கு ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

அம்மாவிடம் கேட்டேன்: “அம்மா, இந்தக் கணக்கைப் போன்ல போடுவமா?”

“போடலாம் பிள்ளை. ஆனா ஒருத்தர்ர கணக்கு இன்னொருத்தர் கண்ணில படக்கூடாது. பட்டா நாளைக்கு அந்தச் சனம் கடைப் பக்கமே வராது. அதோட, கொப்பியில தாள் கிழிக்கிற பழக்கம் எனக்கில்ல.”

இந்த இரண்டும்தான் அம்மாவின் நிபந்தனை. செயலி முழுவதையும் தீர்மானித்தது இவை இரண்டும்தான்.

ஃபயர்பேஸைத் தேர்ந்ததற்கு முதல் காரணம் காசு. வேறொரு தளத்தில் பதியப் போனேன், வங்கி அட்டை கேட்டது. என்னுடைய அட்டை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறக்கப்படாதது. வங்கிக்குப் போய்க் கேட்டதில் இரண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரம் போனதுதான் மிச்சம். ஃபயர்பேஸின் ஸ்பார்க் என்ற இலவசத் திட்டத்துக்கு அட்டையே தேவையில்லை, ஒரு கூகுள் கணக்குப் போதும். இலவச அளவும் எங்கள் கடைக்குத் தாராளம். ஃபயர்ஸ்டோர் என்ற தரவுத்தளத்தில் 1 ஜிபி இடம், நாளொன்றுக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து. எல்லை தாண்டினால் அன்றைக்குச் சேவை நிற்கும், பில் வராது. கட்டணத் திட்டமான பிளேஸ் அப்படியல்ல. அதில் செலவு எச்சரிக்கை வைக்கலாம், ஆனால் எச்சரிக்கை மின்னஞ்சல்தான் அனுப்பும், செலவை நிறுத்தாது. முதல் முறை செய்கிறவர் ஸ்பார்க்கிலேயே நிற்பது நல்லது என்பது என் உறுதியான அபிப்பிராயம். தவறு செய்தால் தவறு மட்டும்தான் நடக்கும், கடன் வராது.

இந்தத் தளத்தின் பூர்வீகம் கொஞ்சம் தெரிந்தால் அதன் குணமும் விளங்கும். ஜேம்ஸ் டாம்ப்ளின், அண்ட்ரூ லீ என்ற இருவர் இணையத்தளங்களுக்கு அரட்டைப் பெட்டி கொடுக்கும் சேவை ஒன்று நடத்தினார்கள். ஆட்கள் அதை அரட்டைக்கு அல்லாமல், விளையாட்டில் ஆளுக்காள் நிலைமையை உடனுக்குடன் காட்டப் பாவிப்பதைக் கண்டு, அந்த வேலையை மட்டும் தனியே பிரித்து 2012இல் வெளியிட்டார்கள். 2014இல் கூகுள் வாங்கியது. அரட்டையில் பிறந்ததால்தான், ஒரு போனில் எழுதினால் மற்றப் போனில் தானே மாறுகிற வித்தை அதன் அடியிலேயே இருக்கிறது. பார்மசியில் இருக்கும்போது என் போனில் அம்மா எழுதுவது தெரியும். முதல் நாள் “சீனி 1 கிலோ” என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தபோது, மருந்துச் சீட்டோடு நின்றவரைக் காத்திருக்க வைத்துவிட்டேன்.

தொடங்குவது உண்மையிலேயே இலகு. கன்சோல் என்ற நிர்வாகப் பக்கத்தில் ஒரு பெயர் கொடுத்தால் திட்டம் உருவாகும். உலாவியில் திறக்கிற வெப் செயலி என்று சேர்த்தால் ஒரு சிறு துண்டுக் குறியீடு தரும், அதை உங்கள் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அதில் ‘ஏ.பி.ஐ. சாவி’ என்று ஒன்று இருப்பதைப் பார்த்து நான் பயந்தேன், யாரும் பார்த்தால் என்ன ஆகும் என்று. பெயர்தான் சாவி. அது உங்கள் திட்டம் எது என்று சொல்லும் அடையாளம் மட்டுமே, பக்கத்தைத் திறக்கிற எவருக்கும் தெரியத்தான் செய்யும். உண்மையான பூட்டு வேறிடத்தில் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

தரவுத்தளம் தொடங்கும்போது அது எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்கும். சும்மா அழுத்திவிட்டுப் போகாதீர்கள். ஒரு முறை தேர்ந்தால் பிறகு மாற்ற முடியாது. நமக்குக் கிட்டவாக மும்பையும் சிங்கப்பூரும் இருக்கின்றன. நான் மும்பையை எடுத்தேன்.

அடுத்த கேள்வியில்தான் நான் பிழை விட்டேன். ‘உற்பத்தி முறை’யா, ‘சோதனை முறை’யா என்று கேட்டது. சோதனை என்று இருக்கிறதே, நான் சோதித்துத்தானே பார்க்கிறேன் என்று அதை அழுத்தினேன். சோதனை முறை என்றால் 30 நாளைக்கு யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். கன்சோல் அதைத் தெளிவாக எழுதியிருந்தது. நான்தான் வாசிக்கவில்லை. முதல் இரண்டு நாள் பொய்ப் பெயர்கள் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் இரவு உற்சாகத்தில் அம்மாவின் கொப்பியிலிருந்து இருபது பேரின் உண்மைக் கணக்கை ஏற்றிவிட்டேன். மறுநாள் பார்மசிக் கணினியில் முகவரியை அடித்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும் திறக்கிறதா என்று. திறந்தது. உள்நுழையச் சொல்லாமலே இருபது பேரின் பெயரும், அவர்கள் தர வேண்டிய தொகையும் திரையில் நின்றன. பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரின் பெரியம்மா அந்த இருபதில் ஒருவர்.

கை நடுங்கியது. உடனே போனில் கன்சோலைத் திறந்து, யார் வாசிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் விதிகளில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று போட்டு வெளியிட்டேன். விதி மாறி நடைமுறைக்கு வர ஒரு நிமிடம் வரை எடுக்கலாம், ஏற்கனவே திறந்திருக்கும் பக்கங்களுக்கு இன்னும் கூட. அந்த நிமிடம் நீண்ட நிமிடம். அன்றிரவு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. “பூட்டுப் போட்டிட்டுச் சாமானை ஏத்து” என்றார். இருபது பேரையும் அழித்துவிட்டு, பூட்டிலிருந்து திரும்பத் தொடங்கினேன். நீங்கள் தொடங்கினால் உற்பத்தி முறையையே அழுத்துங்கள். ஒன்றும் வேலை செய்யாது, எதைத் தொட்டாலும் அனுமதி இல்லை என்று சிவப்பாக வரும். அது சரியான நிலைமை. அங்கிருந்து ஒவ்வொரு கதவாக நீங்களே திறவுங்கள்.

இந்த விதிகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஃபயர்பேஸில் எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதியும் இதுதான். விதி என்பது செயலிக்குள் எழுதுவதல்ல, தரவுத்தளத்தின் வாசலில் எழுதுவது. என் பக்கத்தில் என்ன குறை இருந்தாலும், வேறு யாராவது வேறு வழியாக வந்து தட்டினாலும், வாசலில் இந்த விதியைத் தாண்ட வேண்டும். என் விதி இரண்டு ஆளைத்தான் உள்ளே விடும்: அம்மாவின் கூகுள் கணக்கு, என் கூகுள் கணக்கு. டோஹாவில் இருக்கும் தம்பி தனக்கும் வேண்டும் என்றான், வீட்டு நிலைமை தெரியலாமே என்று. அம்மா மறுத்துவிட்டார். கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் இடையில் உள்ளது, மகனுக்கும் இல்லை என்றார். சரி, இரண்டோடு நின்றது.

அப்புறம் ‘தாள் கிழிப்பதில்லை’ என்ற நிபந்தனை. ஃபயர்ஸ்டோர் விதியில் ‘எழுதலாம்’ என்பதை மூன்றாகப் பிரிக்கலாம்: புதிதாகச் சேர்ப்பது, இருப்பதை மாற்றுவது, அழிப்பது. இதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் கொப்பி கண்ணுக்கு முன் வந்தது. கொப்பியில் பிழையாக எழுதினால் அம்மா அதன் மேல் ஒரு கோடு போடுவார், கீழே சரியானதை எழுதுவார். பழையது வாசிக்கக்கூடியதாகவே இருக்கும். ஆகவே பதிவுகளுக்கு நான் வைத்த விதி: சேர்க்கலாம், மாற்ற முடியாது, அழிக்க முடியாது. எனக்கும் முடியாது. பிழை என்றால் அதைச் சரிக்கட்டும் இன்னொரு பதிவு சேர வேண்டும். திட்டத்தின் உரிமையாளர் கன்சோல் வழியாகப் போனால் விதியைத் தாண்டி அழிக்கலாம் என்பது உண்மை. ஆனால் கடையில் அவசரத்தில் விரல் தவறி ஒருவரின் மூன்று மாதக் கணக்குப் போய்விடாது. விதி சரியா என்று வெளியிட முன்பே சோதித்துப் பார்க்கக் கன்சோலில் ஓரிடம் இருக்கிறது. அங்கே உள்நுழையாத ஆள் போல வாசித்துப் பார்த்தேன், மறுத்தது. அதைப் பார்த்த பிறகுதான் 63 பேரையும் ஏற்றினேன்.

செயலியில் இரண்டே பொத்தான். முதலில் ‘சேமி’, ‘செலுத்து’ என்று வைத்திருந்தேன். அம்மா தடுமாறினார். கடையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “எழுதி வையுங்கோ அக்கா” என்பார்கள், “இந்தாங்கோ, கணக்கை வெட்டுங்கோ” என்பார்கள். ‘எழுது’, ‘வெட்டு’ என்று மாற்றினேன், அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கணக்கை எப்படி வைப்பது என்பதில் ஒரு கிழமை போனது. முதலில் ஒவ்வொருவரின் பதிவுகளையும் முழுவதும் வாசித்து, போனிலேயே கூட்டி மிகுதி காட்டினேன். வேலை செய்தது. பிறகு கணக்குப் பார்த்தேன். ஒரு பதிவை எடுத்தால் ஒரு வாசிப்பு. 63 பேர், ஆளுக்கு 150 பதிவு சேர்ந்தால் 9,450. முதல் பக்கத்தை ஒரு தரம் திறக்க அத்தனை வாசிப்பு. ஐந்து தரம் திறந்தால் 47,250, ஆறாவது தரம் 50,000 தாண்டும். கடையில் காலை ஏழு மணிக்குள் பத்துத் தரம் திறக்க வேண்டும்! இந்த நாள் கணக்குப் புதிதாவதும் நம் நள்ளிரவில் அல்ல, அமெரிக்காவின் பசிபிக் கரை நள்ளிரவில். நமக்கு அது பகல் 12.30 அல்லது 1.30. காலையில் முடிந்துவிட்டால் மத்தியானம் வரை கடை குருடு.

ஆகவே ஆளின் பக்கத்திலேயே மிகுதியையும் ஓர் இலக்கமாக வைத்தேன். அதில் அடுத்த பள்ளம் இருந்தது. அம்மா கடையில் 450 எழுதுகிறார். அதே நேரம் அந்த வீட்டுக்காரர் பார்மசிக்கு வந்து என்னிடம் 1,000 தந்து வெட்டச் சொல்கிறார். இருவரும் பழைய மிகுதியை எடுத்து, கூட்டிக் கழித்துப் புது மிகுதியைப் பதிந்தால், கடைசியாகப் பதிந்தவரின் தொகை மட்டும் நிற்கும், மற்றது காணாமல் போகும். இதற்கு ‘இன்கிரிமென்ட்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். “மிகுதி இது” என்று சொல்லாமல், “இருப்பதோடு 450 கூட்டு” என்று சொல்வது. எந்த ஒழுங்கில் வந்தாலும் விடை ஒன்றுதான். பதிவையும் இந்தக் கூட்டலையும் ஒரே கட்டாக அனுப்பலாம், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது. ‘டிரான்சாக்ஷன்’ என்று இன்னொரு முறையும் உண்டு, பலரும் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அது இணையம் இல்லாதபோது தோற்றுவிடும். கட்டாக அனுப்புவது வரிசையில் காத்திருந்து போகும். எங்கள் ஒழுங்கைக்குக் கட்டாக அனுப்புவதுதான் சரி.

ஏனென்றால் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தோமே, இப்போது அப்படி இல்லைதான். ஆனாலும் மழைக் காலத்தில் போகிறது, போனால் சிக்னலும் மெலிகிறது. ஃபயர்ஸ்டோர் தரவைப் போனிலேயே ஒரு பிரதி வைத்து, இணையம் இல்லாமலும் காட்டும், எழுதியதைப் பிடித்து வைத்துப் பிறகு அனுப்பும். அண்ட்ரொய்டு செயலியில் இது தானாகவே இருக்கும். என்னுடையது போன்ற வெப் செயலியில் நாம் கேட்டு இயக்க வேண்டும், ஒரு வரிதான். அதைச் செய்துவிட்டு, டேட்டாவை நிறுத்தி எழுதிப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது.

பிறகு ஒரு மழை இரவு கரண்ட் போனபோது அம்மா போனில் பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தார். வெள்ளைத் திரை. தரவு போனில் இருக்கிறது, ஆனால் அதைக் காட்ட வேண்டிய பக்கம் இணையத்தில் இருக்கிறது. நான் யோசிக்காத இடம். பக்கத்தையும் போனில் வைத்திருக்க ‘சேர்விஸ் வேர்க்கர்’ என்று தனியே ஒரு கோப்பு எழுத வேண்டும். எழுதினேன், பக்கம் வந்தது, கணக்கு வரவில்லை. என் கோப்புகளை மட்டும் சேர்த்திருந்தேன். ஃபயர்பேஸின் நூலகக் கோப்புகள் வேறு முகவரியிலிருந்து வருபவை, அவற்றையும் சேர்க்க வேண்டியிருந்தது. இது ஃபயர்பேஸின் வேலை இல்லை, உலாவியின் வேலை. ஆனாலும் ‘இணையமில்லாமல் இயங்கும்’ என்று வாசித்துவிட்டுத் தொடங்குகிற எவரும் இந்த இடத்தில் இடறுவார் என்பதால் சொல்கிறேன். இரண்டும் வேண்டும்.

இன்னொன்று, திகதி. பதிவின் நேரத்தைச் சேர்வரே போடட்டும் என்று விட்டிருந்தேன், போன் கடிகாரம் பிழைக்கலாம் என்பதால். இணையம் இல்லாதபோது எழுதிய பதிவுக்குச் சேர்வர் நேரம் இன்னும் கிடைக்கவில்லை, ஆகவே அந்த இடம் வெறுமையாக நிற்கும். அம்மா உடனே கேட்டார், “திகதி இல்லாம எப்பிடிப் பிள்ளை கணக்கு?” இப்போது போனின் திகதியும் சேர்வரின் நேரமும் இரண்டும் பதிகிறேன், காட்டுவது போனின் திகதியை.

தமிழ் எழுத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை, ஒன்றைத் தவிர. பெயர்களை ஒழுங்குபடுத்தச் சொன்னால் ஃபயர்ஸ்டோர் யூனிகோட் எண் வரிசையில், அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணின்படி தருகிறது. அதில் புள்ளி, உயிர்க்குறிகளுக்குப் பிறகு வருகிறது. ஆகவே சினேகா முன்னே, சின்னம்மா பின்னே. அகராதியில் மாறி இருக்க வேண்டும். ஜ வரிசை ச வரிசைக்கு அடுத்தே வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் என்று குறிப்பிட்டு ஒப்பிடச் சொன்னால் சரியாகிறது, போனிலேயே ஒழுங்குபடுத்தினேன். பெருமையோடு அம்மாவிடம் காட்டினேன். அவர் ஆளைத் தேடித் தேடிக் களைத்துப்போனார். அவருடைய கொப்பியில் அகரவரிசையே இல்லை. ஒழுங்கை வரிசை. கடையிலிருந்து கடற்கரைக்கு இறங்கும்போது இடப்பக்க வீடுகள், திரும்பி ஏறும்போது மறுபக்க வீடுகள், கடைசியில் வீதிக்கு அந்தப் பக்கத்தார். அவர் தலைக்குள் நடந்து போய் ஆளைப் பிடிக்கிறார். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம் கொடுத்து அதன்படி அடுக்கினேன். இப்போது அவர் விரல் என்னுடையதை விட வேகம். பெயர் தேடும் பெட்டி ஒன்றும் உண்டு. ஃபயர்ஸ்டோருக்குள் சொல்லின் நடுவில் தேடும் வசதி இல்லை, ஆனால் 63 பெயர்தானே, போனிலேயே வடிகட்டினேன்.

செயலியை இணையத்தில் ஏற்றுவது பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஜாவாஸ்கிரிப்டைக் கணினியில் ஓட்டும் நோட் ஜே.எஸ். நிறுவி, மூன்று நான்கு கட்டளை அடித்தால், ‘வெப் டாட் ஆப்’ என்று முடியும் முகவரி கிடைக்கும். பாதுகாப்பான இணைப்பு அதனோடே வரும், தனியாகக் காசு இல்லை. என் பழைய மடிகணினிக்கும் இது பாரமாக இருக்கவில்லை.

குறை என்று நான் நினைப்பது பிரதி எடுக்கும் விஷயம். தரவுத்தளத்தை முழுதாக வெளியே எடுக்கும் வசதி கட்டணத் திட்டத்தில்தான். கடல் எட்டாத பிரதி வேண்டும் என்றுதானே தொடங்கினேன், இப்போது பிரதியின் பிரதி வேண்டும் என்ற கவலை வந்தது. ஆகவே எல்லாவற்றையும் வாசித்து ஒரு சி.எஸ்.வி. கோப்பாக இறக்கும் பொத்தான் ஒன்று எழுதினேன். எக்செலில் திறந்தால் தமிழ் குப்பையாக வந்தது. கோப்பின் தொடக்கத்தில், இது யூனிகோட் எழுத்து என்று எக்செலுக்குச் சொல்லும் ‘பொம்’ என்ற அடையாளத்தைச் சேர்த்ததும் சரியானது. மாதம் ஒரு முறை அதை மடிகணினியில் வைத்து, பார்மசி விட்டு வரும்போது கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்துக் கொண்டு வருகிறேன். அச்செடுக்கும்போது பக்கத்திலேயே நின்று, முடிந்ததும் அந்தக் கணினியில் அழிக்கிறேன். அம்மா அந்தத் தாள்களைப் பழைய கொப்பிக்குள் மடித்து வைக்கிறார்.

மொத்தக் கடன் எவ்வளவு என்று தரவுத்தளத்தையே கூட்டிச் சொல்லக் கேட்கலாம். அது இணையம் இருந்தால்தான் வரும், வாசிப்பும் சொற்பம்தான். அம்மாவுக்கு அந்தத் தொகை ஒருபோதும் தெரிந்திருக்கவில்லை. கார்த்திகை கடைசியில் ஒரு நாள் திரையில் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தார். பிறகு, “இதை மேல போடாத பிள்ளை. இதைப் பார்த்தா அடுத்த ஆளுக்கு எழுத எனக்குக் கை வராது” என்றார். எடுத்துவிட்டேன். இப்போது அது என் போனில் மட்டும் இருக்கிறது.

நான்கு மாதத்தில் ஒரு சதமும் ஃபயர்பேஸுக்குக் கட்டவில்லை. ஒரு நாளில் அதிகம் போன வாசிப்பு 3,000ஐத் தொடவில்லை. முதல் இரண்டு மாதம் அம்மா கொப்பியிலும் எழுதினார், போனிலும் எழுதினார். ஞாயிறு இரவுகளில் இரண்டையும் ஒப்பிட்டோம். மூன்று இடத்தில் வேறுபட்டது, மூன்றும் கொப்பியில் எழுத மறந்தவை. மூன்றாம் மாதம் கொப்பியில் எழுதுவது தானாகவே குறைந்தது.

நிறைய ஆட்கள், நிறைய அறிக்கை, ஒன்றோடொன்று கோத்த அட்டவணைகள் என்று வேண்டுகிற வேலைக்கு ஃபயர்ஸ்டோரை நான் எடுக்க மாட்டேன், அதற்கு எஸ்.கியூ.எல். வகைத் தரவுத்தளம் பொருத்தம். ஒரு கடை, ஒரு வகுப்பு, ஒரு சீட்டுக் கூட்டு அளவுக்கு, விதியை முதலில் எழுதுவீர்கள் என்றால், தயங்காமல் எடுங்கள்.

இப்போது எழுத்தைப் பெரிதாக்கும் வேலை நடக்கிறது. அம்மா கண்ணாடி போடாமலே இலக்கம் தெரிய வேண்டும். தொகை எழுதும் பெட்டியைத் தொட்டால் எழுத்துப் பலகை வராமல் நேரே இலக்கப் பலகை வர வேண்டும், அதை நேற்றுச் செய்தேன். அடுத்தது, ஆள் வந்து நின்றால் அவர் பக்கத்தை மட்டும் திறந்து, மற்றப் பெயர்கள் ஒன்றும் தெரியாமல் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்ட ஒரு பொத்தான். அம்மா கொப்பியைக் காட்டும்போது மற்றப் பக்கங்களைக் கையால் மறைத்துக்கொண்டுதான் காட்டுவார்.